கப்பலேறிப் போன குழம்பு

'கொலம்போ' என்றதும் உங்களுக்கு இலங்கைதான் ஞாபகத்துக்கு வருகிறதா? கவலைப்படாதீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதனால்தான் புதுச்சேரி நண்பன் போன் பண்ணி, "டேய், இங்க ஒருத்தர் கொலம்போ சாப்பிடணும்னு ரெண்டு வாரமா அலையறார். உங்க வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வரவா?" என்று கேட்டபோது, "கொலம்போவை எப்படிடா சாப்பிடறது? விசா எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று ஜோக்கடித்தேன்.

அந்த ஜோக்குக்கு அபராதமாக, அடுத்த இரண்டு நாளும் நான் கையைச் சொறிந்துகொண்டே திரிந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்த மனிதருக்கு அறுபத்திரண்டு வயது. ரிட்டயரான பள்ளி ஆசிரியர். பார்த்தால் சிதம்பரம் தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி இருப்பார். அதே நிறம், அதே வழுக்கை, சட்டைப் பையில் அதே பேனா. வாயைத் திறந்தால் மட்டும் சரளமான பிரெஞ்சு! பெயரின் கடைசியில் 'சாமி' இருக்கிறது. தமிழ் ஒரு வாக்கியம் வராது. சொந்த ஊர் குவாதலூப். கரீபியன் கடலில், பட்டாம்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி வரைபடத்தில் தெரியுமே, அந்தத் தீவு. பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. பிரெஞ்சு பாஸ்போர்ட், யூரோ நோட்டு, பிரெஞ்சுத் தேர்தல் எல்லாம் உண்டு.

அவர் கையில் ஒரு ஜெராக்ஸ் காகிதம். முப்பாட்டனார் கப்பலில் போய் இறங்கியபோது துரைமார்கள் எழுதி வைத்த பதிவேட்டின் நகல். ஒரு நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். அந்த ஊரைத் தேடித்தான் வந்திருந்தார்.

ஊர் கிடைக்கவில்லை. சரி, நம்ம ஊர் பலகாரமாவது கிடைக்குமே என்று புதுச்சேரியில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி "கொலம்போ இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு ஹோட்டலில் 'சிலோன் பரோட்டா' கொண்டுவந்து வைத்தார்களாம்! "எங்கள் தீவில் கல்யாணம், கருமாதி, கோயில், தேர்தல் எதுவானாலும் கொலம்போ. அது இந்தியாவிலிருந்து வந்தது என்று பாட்டி சொன்னார்கள். இங்கே ஒருத்தருக்கும் அது தெரியவில்லையே!" என்று மனிதர் நொந்துபோயிருந்தார்.

*

கதை இங்கிருந்து ஆரம்பிக்கிறது. 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே! புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கையில்தானே இருந்தன? ஐந்து வருஷ ஒப்பந்தம், கூலி, திரும்பி வரக் கப்பல் டிக்கெட் என்று ஆசை காட்டி ஆள் பிடித்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே 6-ம் தேதி மார்த்தினீக் தீவில் முதல் கும்பலை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், குவாதலூப்பில் இன்னொரு கும்பலை இறக்கியது. ஆப்பிரிக்காவின் கீழ்முனையைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் கடல் பயணம். 1880-களின் கடைசி வரை இது நடந்தது. குவாதலூப்புக்கு மட்டும் 42 ஆயிரம் பேருக்கு மேல். மார்த்தினீக்குக்கு 25 ஆயிரத்துக்கு மேல். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் ஆள் போனது. ஆனால் பெரும்பாலோர் தமிழ் பேசும் பக்கத்து ஜனங்கள்தான்.

ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். அங்கேயே செத்துப் போனவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை, "நீ பிரெஞ்சுக்காரனும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று ஓரம் கட்டி வைத்தார்கள். அங்கேயே பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்கிற மனுஷர் 1904 முதல் கோர்ட்டும் மனுவுமாக அலைந்து, 1923-ல்தான் அவர்களுக்கு ஓட்டுரிமையும் குடியுரிமையும் வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு அந்தத் தீவில் முத்துசாமி, ராமசாமி, வீராசாமி என்று போட்டால் டெலிபோன் டைரக்டரியே நிரம்பும். எர்னஸ்ட் முத்துசாமி என்பவர் 1981-லிருந்து 2002 வரை பாரிஸ் பாராளுமன்றத்தில் எம்.பி.யாகவே உட்கார்ந்திருந்தார்.

(இது பிரெஞ்சுத் தீவுகளின் கதை. இங்கிலீஷ்காரன் தீவுகளுக்குப் போனவர்களில் பீகார், உத்தரப்பிரதேசப் பக்கத்து ஆட்களே அதிகம். அங்கும் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் உண்டு. நம்பிக்கை இல்லாவிட்டால் வெஸ்ட் இண்டீஸுக்குப் பந்து வீசிய கயானாக்காரரின் பெயரைப் பாருங்கள்: வீராசாமி பெருமாள்!)

பாஷை மூன்றே தலைமுறையில் போய்விட்டது. மிஞ்சியவை சாமியும் சாப்பாடும்தான். அங்கே 'மாலியெமே' என்றால் மாரியம்மன். 'மால்தேவிதான்' என்றால் நம்ம மதுரை வீரன். 'கொலம்போ' என்றால் குழம்பு.

இந்தக் கடைசி சமாச்சாரத்தில் மட்டும் தகராறு உண்டு. கொழும்பு நகரத்தின் பெயரால்தான் அந்தப் பொடிக்கும் பதார்த்தத்துக்கும் பெயர் வந்தது என்று ஒரு கட்சி. 'குழம்பு' என்ற சொல்தான் துரைமார் வாயில் விழுந்து அப்படி ஆனது என்று இன்னொரு கட்சி. நான் பி.காம், மொழி ஆராய்ச்சி என் டிபார்ட்மென்ட் இல்லை. ஆனால் காரைக்காலில் கப்பலேறியவன் தன் வீட்டுக் குழம்புக்குக் கொழும்பின் பெயரை எதற்கு வைக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் அம்மா இரண்டே வினாடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "குழம்புதாண்டா. காதுல விழலை உனக்கு?"

*

விருந்தாளிக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுப்போம் என்று நான் நினைத்ததுதான் தப்பு. செல்போனில் தேடினேன். 'கரீபியன் பாணி கிழங்குக் கறி' என்று ஒன்று கிடைத்தது. சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, தேங்காய்ப்பால், கறிமசால் பொடி. இவ்வளவுதானே! கடலூரில் இதில் எதற்குப் பஞ்சம்? "நீ ஒதுங்கு. இன்னைக்கு நான் பார்த்துக்கறேன்" என்று மனைவியை அடுக்களையிலிருந்து வெளியேற்றினேன்.

"சேப்பங்கிழங்கைப் பச்சையா தோல் சீவாதீங்க" என்று அவள் வாசல்படியிலிருந்தே எச்சரித்தாள். சமையல் தெரிந்தவன் யாராவது மனைவியின் பேச்சைக் கேட்பானா? வெறுங்கையால் அரைக் கிலோவைச் சீவி முடித்தேன். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்... கை, மணிக்கட்டு, நடுவில் மறந்துபோய்த் தொட்ட கழுத்து, காது! அந்தக் கிழங்குக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, தோலில் குத்தும். புளித் தண்ணீரில் கையை ஊறப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் குக்கரில் நாலு விசில் வந்து, மூன்று கிழங்கும் ஒன்றோடொன்று கலந்து, போஸ்டர் ஒட்டுகிற பசை பதத்துக்கு வந்திருந்தது. அதில் சாம்பார்ப் பொடியைப் போட்டுத் தேங்காய்ப்பாலை ஊற்றினேன்.

விருந்தாளி மிகவும் நாகரிகமான மனிதர். மூன்று வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நண்பனிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்னடா கேக்கறார்?"

"இது ரொம்ப நல்லா இருக்கு, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேர்னு கேக்கறார்."

"கொலம்போன்னு சொல்லு!"

நண்பன் சொன்னான். அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சிரித்து முடித்தபின், நாளைக்குத் தானே சமைக்கலாமா, அம்மா அனுமதிப்பார்களா என்று கேட்டார். அம்மா எழுபது வருஷத்தில் அடுக்களையை ஒரு ஆண்பிள்ளைக்கு விட்டுக் கொடுத்ததில்லை. (என்னைப் பார்த்தபின் அந்தக் கொள்கை சரிதான் என்று முடிவே கட்டியிருந்தாள்.) ஆனால் அவரிடம், "தாராளமா செய்யுங்க தம்பி" என்றாள்.

*

மறுநாள் காலை மார்க்கெட்டுக்கு மூன்று பேரும் போனோம். அந்த மனிதர் கிழங்குக் கடை முன்னால் நின்ற நிலை இருக்கிறதே, நகைக் கடை முன்னால் நம் வீட்டுப் பெண்கள் நிற்பார்களே, அப்படி. சேப்பங்கிழங்கைத் தூக்கிப் பார்த்தார், அங்கேயும் உண்டு. மரவள்ளி, 'மஞோக்' என்றார். சர்க்கரைவள்ளி, 'பத்தாத்'. ஒரு மூலையில் கிடந்த சௌசௌவைப் பார்த்ததும், "கிறிஸ்தோஃபின்!" என்று கூவினார். கொலம்போவில் அது தவறாமல் விழுமாம். கடைக்காரர், "சாருக்கு எந்த ஊருங்க?" என்றார். என்ன சொல்வது? "பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம்" என்று சொல்லி வைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு வரவு செலவுக் கணக்குப் பார்த்துவிடுகிறேன். மரவள்ளி யாருடையது? அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளுடையது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கரீபியத் தீவுக்காரர்கள் அதைத் துருவிப் பிழிந்து, நஞ்சை நீக்கி, ரொட்டியாகத் தட்டிச் சாப்பிட்டார்கள். சர்க்கரைவள்ளியும் அங்கத்தியதே. சௌசௌவும் அங்கத்தியது. மிளகாயும்! இவ்வளவும் நமக்கு வரவு. சேப்பங்கிழங்கு ஆசியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா வழியாக அங்கே போனது. மஞ்சள், மிளகு, மாங்காய், கறிவேப்பிலை எல்லாம் நம்ம பக்கத்துப் பற்று. யாம் என்று சொல்கிற வள்ளிக்கிழங்கு வகைகளில் சில ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு போனவை. தோட்டத்து அடிமைகள் தங்கள் வயிற்றுக்காக ஓரஞ்சாரத்து நிலத்தில் பயிரிட்டுக்கொண்டது இந்தக் கிழங்குகளைத்தான். இங்கிலீஷ் தீவுகளில் இவற்றுக்கு இன்றைக்கும் 'மண்ணுக்கடிச் சாப்பாடு' என்கிற அர்த்தத்தில்தான் பொதுப்பெயர். அவர்கள் விளைவித்த கிழங்கும், அதற்குப் பின்னால் வந்த நம்ம ஆட்களின் பொடியும் ஒரே சட்டியில் விழுந்ததுதான் இந்தப் பதார்த்தம். எந்த ஊர்க்காரனும் இதை என்னுடையது மட்டும் என்று ரசீது காட்ட முடியாது.

*

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது அம்மிக்கல். மிக்ஸி இருக்கிறது என்று மனைவி காட்டினாள். வேண்டாம் என்று கொல்லைப்புறத்தைப் பார்த்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மி கவிழ்ந்து கிடந்தது, எடுத்துக் கழுவினோம். பாட்டி வீட்டில் இதே மாதிரி ஒன்று இருந்ததாகச் சொல்லிக்கொண்டே குழவியைத் தடவிப் பார்த்தார்.

பொடிக்கு அவர் எடுத்த கணக்கை நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். நாலு பேருக்குப் போதும்: தனியா மூன்று மேஜைக்கரண்டி, சீரகம் ஒன்று, பச்சரிசி ஒன்று. மிளகும் கடுகும் ஒவ்வொரு டீஸ்பூன். வெந்தயம் அரை டீஸ்பூன். இரண்டு கிராம்பு. அரிசியை முதலில் வெறும் வாணலியில் பொரியும் வரை வறுத்துவிட்டு, அப்புறம் மற்றவற்றைச் சிறு தீயில் வாசனை வரும் வரை வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் எல்லாம் கசந்துவிடும், ஜாக்கிரதை. ஆறியதும் பொடித்து, ஒரு மேஜைக்கரண்டி மஞ்சள் தூளைக் கலக்க வேண்டும். ஆமாம், ஒரு மேஜைக்கரண்டிதான். மஞ்சள் நிறத்தில் வராவிட்டால் அது கொலம்போ இல்லையாம்.

அம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டாள்: "மிளகாய் எங்கே?"

மிளகாய் கிடையாது!

"மிளகாய் இல்லாத குழம்புப் பொடியா?" அம்மாவுக்கு ஏதோ சீர் வரிசையில் குறை வைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அங்கே பொடியில் பெரும்பாலும் மிளகாய் சேர்ப்பதில்லை. காரம் வேண்டுமானால் பச்சை மிளகாயை முழுசாகக் குழம்பில் மிதக்க விடுவார்கள். காம்பு போகக்கூடாது, கீறக்கூடாது, கரண்டி பட்டு உடையக்கூடாது. வாசனை மட்டும் இறங்கினதும் ஜாக்கிரதையாக எடுத்துவிட வேண்டும். ஏன் இவ்வளவு மரியாதை என்றால், அந்த மிளகாயின் காரம் அப்படி. குண்டாக, சுருக்கம் சுருக்கமாக, சின்ன விளக்கு மாதிரி இருக்கும். அதன் பெயரை மனிதர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: 'போண்டா மான் ஜாக்.' போண்டாவா என்று மனைவி ஆர்வமாக எட்டிப் பார்த்தாள். நண்பன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். பிறகு வாசலுக்கு அழைத்துப்போய் என் காதில் சொன்னான்: 'ஜாக் வீட்டம்மாவின் பின்பக்கம்' என்று அர்த்தமாம்! அன்றிலிருந்து டீக்கடையில் போண்டாவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் தைம் என்கிற தழை. அங்கே அது இல்லாமல் எந்தக் குழம்பும் கொதிக்காது. கடலூரில் எங்கே போவது? மனிதர் கொல்லையைச் சுற்றி வந்தார். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நம்ம கற்பூரவல்லி மண்டிக் கிடந்தது. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. சளி பிடித்த குழந்தைக்கு நாம் சாறு எடுத்துக் கொடுக்கிற அதே கற்பூரவல்லிதான்! கரீபியத் தீவுகளில் அதைப் 'பெரிய இலைத் தைம்' என்று மீனுக்கும் கறிக்கும் அரைத்துப் போடுகிறார்கள். "இருமலுக்குக் கொடுக்கிறதையா குழம்பில் போடறது?" என்று மனைவி முகம் சுளித்தாள். சாப்பிட்டபின் அவள்தான் அதிகம் பாராட்டினாள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

அப்படியே திரும்பியவர் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து, "கலுப்பிலே" என்றார். அடுத்த வீட்டு வேப்ப மரத்தைக் காட்டி, "வெப்பலே" என்றார். கோயில் பூசையின்போது பூசாரி சொல்லிக் கேட்ட வார்த்தைகளாம். இவ்வளவு நேரம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசிய மனிதர், முதல் தடவையாக அம்மாவிடம் நேராகப் பேசியது இதுதான். அம்மா உடனே, "ஆமாம் தம்பி, கறிவேப்பிலை... வேப்பிலை..." என்று ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள். அவர் திருப்பிச் சொன்னார். 'ழ' வரும் வார்த்தை எதுவும் அன்றைய பாடத்தில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

*

செய்முறைக்கு வருகிறேன். சேப்பங்கிழங்கு கால் கிலோ. தோலோடு, ஒரு நெல்லிக்காய் அளவு புளி போட்ட தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவிட்டு, பிறகு உரிக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். (அனுபவஸ்தன் சொல்கிறேன்.) மரவள்ளி கால் கிலோ. இதைச் சேலத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள், நாகர்கோவிலில் மரச்சீனி. வெளித்தோல், உள்ளே இருக்கும் தடித்த தோல் இரண்டையும் உரித்து, நடு நரம்பை நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது. நாம் சாப்பிடுகிற ரகத்தில் அது குறைச்சல்தான். ஆனாலும் தண்ணீரைக் கொட்டுவதில் சோம்பல் கூடாது. சர்க்கரைவள்ளி கால் கிலோவும் சௌசௌ ஒன்றும் பச்சையாகவே துண்டு போட்டால் போதும். கத்தரிக்காய் இரண்டு.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், வெங்காயத்தாள், ஆறு பல் பூண்டு, மூன்று கற்பூரவல்லி இலை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் பொடி. இதில்தான் சூட்சுமம். பொடியை அப்படியே எண்ணெயில் கொட்டினால் தீய்ந்துபோகும். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி ஊற்ற வேண்டும். 'சுர்ர்' என்று சத்தம் வரும். கிளறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் சுண்டி, நிறம் ஒரு சுற்றுக் கறுத்து, எண்ணெய் பிரியும். பச்சை வாடை போகாமல் கிழங்கைப் போட்டால் கடைசி வரை மருந்து வாசனை அடிக்கும். டிரினிடாட் தீவிலும் இதே பழக்கம் உண்டு. அங்கே தாளிப்பதற்குப் பெயர் 'சுங்கே'. இந்திக்காரர்களின் 'சௌங்க்' என்பதன் மரூஉ. ஜமைக்காக்காரர்கள் இதே பொடியில் ஆல்ஸ்பைஸ் என்கிற தங்கள் ஊர் வாசனைக் காயைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தீவுக்குத் தீவு வேறு வேறு கைமணம்.

பிறகு சர்க்கரைவள்ளி, சௌசௌ, கத்தரிக்காய். ஒரு புரட்டுப் புரட்டி, தேங்காயின் இரண்டாம் பால் இரண்டு டம்ளர், உப்பு. இரண்டு பச்சை மிளகாயை முழுசாக மிதக்கவிட்டு மூட வேண்டும். முக்கால் பாகம் வெந்ததும் சேம்பும் மரவள்ளியும் போட்டுப் பத்து நிமிஷம். கரண்டியைச் சுழற்றாமல் வாணலியை மட்டும் லேசாகக் குலுக்க வேண்டும். சேப்பங்கிழங்கின் கொழகொழப்பும் வறுத்த அரிசியும் சேர்ந்து குழம்பைத் தானே கெட்டியாக்கிவிடும். கடைசியில் அரை டம்ளர் முதல் பால், ஒரு கொதி வருவதற்குள் இறக்கம், அரை மூடி எலுமிச்சை. மேலே கொத்தமல்லி.

நானும் ரொம்ப நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். விருந்தாளி கைகழுவப் போன ஒரு நிமிஷத்தில் அம்மா கரண்டியை எடுத்து, மிதந்துகொண்டிருந்த மிளகாயில் ஒன்றை வாணலி ஓரத்தில் வைத்து நச்சென்று நசுக்கிவிட்டாள்! நான் பதறினேன். "சும்மா இரு. உப்புசப்பில்லாம எப்படி வாயில வைக்கிறது?" என்று அடிக்குரலில் ஒரு அதட்டல்.

இலை போட்டோம். அவர்கள் ஊரிலும் கோயில் விருந்து வாழையிலையில்தானாம். சுடு சாதம், அதன் மேல் மஞ்சள் மஞ்சேலென்று குழம்பு. முதல் வாயை வைத்ததும் விருந்தாளி நிறுத்தினார். நண்பனைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

அவர் சொன்னதை நண்பன் சொன்னான். "யாரோ மிளகாயை உடைச்சுட்டாங்கன்னு சொல்றார். அவங்க பாட்டியும் தாத்தாவுக்குத் தெரியாம அப்படித்தான் உடைப்பாங்களாம்."

மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். ருசி எப்படி என்கிறீர்களா? நம் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பின் ஒன்றுவிட்ட தம்பி. புளிக்குப் பதில் எலுமிச்சை, மிளகாய்த் தூளுக்குப் பதில் மிளகு. சர்க்கரைவள்ளியின் இனிப்பும் வெந்தயத்தின் கசப்பும் தனித்தனியாக நாக்கில் வந்து ஆஜர் கொடுக்கும். மிளகாய் வற்றல் மலையேறிய நம் நாக்குக்கு முதல் இரண்டு வாய் கொஞ்சம் சாதுவாகத்தான் தெரியும். அப்புறம் பிடித்துவிடும்.

*

அந்த ஊர் விஷயம். மறுநாள் நாங்கள் மூன்று பேரும் ஒரு வாடகைக் கார் வைத்துக்கொண்டு காரைக்கால் பக்கம் போனோம். காகிதத்தில் ஊர்ப் பெயர் பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருந்தது. முதல் எழுத்துகளைத் 'திரு' என்று படிக்கலாம். கடைசி 'ஊர்'. நடுவில் மை கலைந்து போயிருக்கிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் 'திரு'வில் ஆரம்பித்து 'ஊரி'ல் முடியாத ஊரை எண்ணுவதுதான் சுலபம்! ஒரு வி.ஏ.ஓ. ஆபீஸில், "எந்தத் தாலுகா சார்?" என்று கேட்டார்கள். 'எந்த வருஷம்' என்றதற்கு பதில் சொன்னதும் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தப்பில்லை, போன வருஷத்து மனுவே கிடைக்காத இடத்தில் நூற்றைம்பது வருஷத்து ஆளை எங்கே தேடுவது?

நாலு ஊர் பார்த்தோம். ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, கோயில் வாசலில் கொஞ்சம் நின்று, குளத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். மூன்றாவது ஊரில் ஒரு பெரியவர், "எங்க தாத்தா காலத்துல கப்பலுக்குப் போனவங்கன்னு சொல்லுவாங்க. போனவங்க போனவங்கதான்" என்றார். அதை நண்பன் மொழிபெயர்த்தானா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் காரில் யாரும் அதிகம் பேசவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். ஹோட்டல் மூடியிருக்கும் என்று அம்மா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் குழம்பு மிச்சம் இருந்தது. சுண்ட வைத்திருந்தாள். பழங்குழம்புக்கு உள்ள மகத்துவம் கொலம்போவுக்கும் உண்டு. கிழங்கெல்லாம் மசாலாவை உறிஞ்சி, முதல் நாளை விட அபாரம். தோசையோடு வைத்தாள்.

"ஊர் கிடைச்சுதா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா."

அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். அவர் போதும் என்று கையைக் காட்டினார். "அதெல்லாம் இல்ல, சாப்பிடுங்க" என்றாள். மொழிபெயர்க்க நண்பன் பக்கத்தில் இல்லை. வாசலில் டிரைவருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தான். ஆனாலும் அவர் சாப்பிட்டார்.

போகும்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் குழம்புப் பொடி கட்டிக்கொடுத்தாள். மிளகாய் போட்டது.